வலை இழுக்கும் கைக்கு வலு எங்கிருந்து வருகிறது?

தனுஷ்கோடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ராமேசுவரம் போகிறவர்களில் பலர் தீர்த்தமாடி, கோவிலைக் கும்பிட்டு, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். கரைவலையைப் பார்க்காமல் வந்தவர்கள் ஒரு நல்ல காட்சியைத் தவறவிட்டவர்கள்தான்.

தோணியில் வலையை ஏற்றிக்கொண்டு போய், கடலில் அரை வட்டமாக விட்டு வருவார்கள். வலையின் இரண்டு பக்கத்துக் கயிறும் கரைக்கு வந்துவிடும். ஆட்கள் இரண்டு பிரிவாக நின்று இழுப்பார்கள். காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஓர் இழுப்பு! கொஞ்சம் நிதானம். மறுபடியும் ஓர் இழுப்பு!

கை சோர்ந்துபோனவர் கயிற்றை அடுத்தவரிடம் விட்டுவிட்டு மணலில் உட்காருகிறார். இரண்டு மூன்று நிமிடம் போகிறது. எழுந்து வந்து முன்போலவே இழுக்கிறார்.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் அவர் என்ன சாப்பிட்டார்? ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்படியானால் போன வலு எப்படித் திரும்பி வந்தது?

இந்தக் கேள்விக்குப் பல நாட்டு விஞ்ஞானிகள் விடை தேடினார்கள். சரியான விடைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், நமது சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தவர். அவர் பெயர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வாழைப்பழம் விற்க ஓடிய சிறுவன்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமாவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. இப்போது ஆந்திராவில் இருக்கிறது.

13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். எதற்குத் தெரியுமா? காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்க! தாயார் வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் பையன் இரண்டு தடவை தோற்றான். சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது தடவை தேறினான். (பரீட்சையில் தோற்ற பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும் தகப்பனார்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.)

பிறகு மாநிலக் கல்லூரி. அப்புறம் வைத்தியக் கல்லூரி. காந்தியடிகள் சொன்னார் என்று சுப்பாராவ் கதர் உடுத்தினார். ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கியோடு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. சகோதரர்கள் இருவர் எட்டே நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். ஸ்புரூ என்னும் கிராணி நோய். சாப்பாடு உடம்பில் ஒட்டாது. பேதி நிற்காது. ரத்தம் சுண்டிவிடும். அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து இல்லை.

1923-ல் சுப்பாராவ் கப்பல் ஏறினார். மாமனார் பணம் கொடுத்தார். காக்கிநாடாவில் ஒரு தரும ஸ்தாபனமும் உதவியது. மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் போய் இறங்கினார்.

தாமதமாக வந்த நீலம்

அங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு. வயிற்றுப் பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. பிறகு சைரஸ் பிஸ்கே என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

ரத்தத்தில் பாஸ்பேட் என்ற சத்து எவ்வளவு இருக்கிறது என்று சுலபமாக அளக்க வேண்டும். இதுதான் முதல் வேலை. இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குறிப்பிட்ட மருந்துகளை ஊற்றினால், பாஸ்பேட் இருக்கும் திரவம் நீலமாக மாறும். பாஸ்பேட் அதிகமானால் நீலம் அழுத்தமாக இருக்கும். குறைந்தால் வெளிறி இருக்கும். 1925-ல் இதை வெளியிட்டார்கள். "பிஸ்கே - சுப்பாராவ் முறை" என்று அதற்குப் பெயர். பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

அடுத்து, தசையில் இருக்கும் பாஸ்பேட்டை அளக்கப் போனார்கள். பூனையின் தசையிலிருந்து சாறு எடுத்து மருந்தை ஊற்றினார்கள். நீலம் சட்டென்று முழுவதும் வந்திருக்க வேண்டும். வரவில்லை! மெல்ல மெல்ல வந்தது. நேரம் ஆக ஆக அழுத்தமாகிக்கொண்டே போனது.

வேறு ஆளாக இருந்தால், "மருந்து கெட்டுவிட்டது" என்று கீழே கொட்டியிருப்பார். இவர்கள் கொட்டவில்லை. ஏன் தாமதம் என்று கேட்டார்கள்.

விடை கிடைத்தது. தசையில் உள்ள பாஸ்பேட்டில் பெரும் பகுதி தனியாக இல்லை. வேறு ஒரு பொருளோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஆனால், ஒட்டு மிகவும் லேசானது. மருந்தில் உள்ள அமிலம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. பிரியப் பிரிய நீலம் ஏறுகிறது! ஒட்டிக்கொண்டிருந்த அந்த வேறு பொருள் கிரியேட்டின். ஆகவே, கூட்டுப் பொருளுக்கு பாஸ்போகிரியேட்டின் என்று பெயர் வைத்தார்கள். இது 1927-ம் ஆண்டு.

அதே சமயத்தில் லண்டனில் எகிள்டன் தம்பதிகளும் இந்தப் பொருளைக் கண்டார்கள். ஆனால், அது இன்னது என்று சரியாகச் சொன்னவர்கள் பிஸ்கேயும் சுப்பாராவும்தான்.

தசையை வேலை வாங்கினால் இந்தப் பொருள் குறைகிறது. ஓய்வு கொடுத்தால் மறுபடியும் ஊறிவிடுகிறது. மணலில் உட்கார்ந்த வலைக்காரரின் கையில் நடந்தது இதுதான்!

சுருக்குப் பையும் குதிருக்குள் நெல்லும்

1929-ல் பிஸ்கேயும் சுப்பாராவும் இன்னொரு பொருளையும் தசையில் கண்டார்கள். அதன் பெயர் ஏ.டி.பி. ஜெர்மனியில் லோமன் என்ற விஞ்ஞானியும் அதே ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார்.

இரண்டுக்கும் என்ன உறவு? ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரில் நெல் இருக்கிறது. ஆனால், கடைக்காரர் நெல்லை வாங்கமாட்டார், காசுதான் கேட்பார். நெல்லை விற்றுக் காசாக்க நேரம் ஆகும். அதுவரைக்கும் பாட்டியின் சுருக்குப் பைதான் கதி.

நாம் சாப்பிட்ட சோறு, குதிரில் உள்ள நெல். ஏ.டி.பி. கைக்காசு. தசை இந்தக் காசைத் தவிர வேறு எதையும் வாங்காது. கையில் இருக்கும் காசோ மிகக் கொஞ்சம். முழு பலத்தோடு இழுத்தால் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். அப்போது பாஸ்போகிரியேட்டின் என்ற சுருக்குப் பை திறக்கிறது. தன்னிடம் உள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து, செலவான ஏ.டி.பி.யை மறுபடியும் காசாக்குகிறது. இதுவும் பத்து விநாடி அளவுக்குத்தான். அதற்குள் நெல் விற்ற பணம் வர ஆரம்பித்துவிடும். ஓய்வில் சுருக்குப் பை மறுபடியும் நிறைகிறது.

தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். தசை ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தின் ஹில், ஜெர்மனியின் மேயர்ஹோப் இருவருக்கும் 1922-ம் ஆண்டின் நோபல் பரிசே கொடுக்கப்பட்டிருந்தது! 1930-ல் டென்மார்க்கில் லுண்ட்ஸ்கார்டு என்பவர் ஒரு சோதனை செய்தார். லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி தவளைத் தசையை மாற்றினார். தசை சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. பாஸ்போகிரியேட்டின் தீர்ந்த பிறகுதான் நின்றது. பழைய கொள்கை விழுந்துவிட்டது. ஹில் பெரிய மனிதர், வீம்பு பிடிக்கவில்லை. தசை ஆராய்ச்சியில் ஒரு புரட்சியே நடந்துவிட்டது என்று தாமே எழுதினார்.

ஏ.டி.பி. தசைக்குள் என்ன செய்கிறது? இதற்கும் கரைவலைதான் உதாரணம். தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் இருக்கின்றன. ஓர் இழைக்குக் கைகள் மாதிரி முனைகள் உண்டு. அந்தக் கைகள் பக்கத்து இழையைப் பற்றி இழுக்கும், விடும், தள்ளிப் பிடித்து மறுபடியும் இழுக்கும். 1954-ல் ஹக்ஸ்லி என்ற ஒரே பெயருள்ள இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் துணைவர்களோடு தனித்தனியே இதைச் சொன்னார்கள். பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. வேண்டும். ஏ.டி.பி. இல்லாவிட்டால் பிடித்த பிடி பிடித்தபடியே இருந்துவிடும்.

பாம்பன் மீன்காரர்களுக்கு இது புதிது அல்ல. செத்த மீன் சிறிது நேரத்தில் கட்டைபோல விறைக்கிறதே, அது ஏன்? ஏ.டி.பி. தீர்ந்துவிட்டது; இழைகள் பிடியை விடவில்லை. வலையில் வெகுநேரம் துள்ளிய மீன் சீக்கிரம் விறைக்கும். துள்ளியே காசைச் செலவழித்துவிட்டது!

அதே வலையில் வரும் இறால், நண்டு, கணவாய்க்கு சுருக்குப் பை வேறு. அவற்றின் தசையில் கிரியேட்டினுக்குப் பதிலாக ஆர்ஜினின் என்ற பொருள் இருக்கிறது. சங்குக்கும் அப்படியே. மீனுக்கும் நமக்கும் கிரியேட்டின். பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவின் மணலில் ஒரு புழு உண்டு. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டது என்று அதைச் சொல்வார்கள். பாலனோகிளாசஸ் என்ற அந்த இனப் புழுவில் இரண்டு பொருளும் இருப்பதாக 1932-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் கூறினார்கள். கணக்கு அவ்வளவு நேராக இல்லை என்று பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. ஆனாலும், சுப்பாராவ் கண்ட பொருளைத் தேடி உலகத்துக் கடற்கரைகளையே அலசினார்கள் என்பது உண்மை.

இன்று சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கிரியேட்டினின் அளவு பார்க்கிறார்கள் அல்லவா? அதுவும் தசையில் உள்ள இந்தப் பொருளின் கழிவுதான்.

இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருட்கள் வெளியே வராமல் போய்விட்டன. பல ஆண்டுகளுக்குப் பின் மற்றவர்கள் அவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னவர் அதே இடத்தில் படித்த ஹிட்சிங்ஸ். 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்.

1940-ல் சுப்பாராவ், லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவருடைய குழுவினர் 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அது எந்த நோய்க்கு உதவியது தெரியுமா? சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்புரூ நோய்க்கு! 1947-ல் யானைக்கால் நோய்க்கு மருந்து வந்தது. டி.இ.சி. என்று தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்த மாத்திரைதான்.

1948 ஆகஸ்டு மாதம் ஓர் இரவு தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 53. கப்பல் ஏறிய பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. அவர் போன பின் பிறந்த ஒரே மகன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். அந்த முகத்தைத் தகப்பனார் பார்க்கவில்லை. சேஷகிரி அம்மாள் கணவரை மறுபடியும் பார்க்கவில்லை.

1995-ல் அவருடைய நூற்றாண்டுக்கு இந்திய அரசாங்கம் தபால்தலை வெளியிட்டது.