குறி தப்பாமல் – 9: புது ரைஃபிள் வந்த பிறகு

வடமதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் கடன் வாங்கிப் புது ஏர் ரைஃபிள் எடுத்துக் கொடுத்தாராம். கிளப்பின் பழைய ரைஃபிளில் விழுந்த பத்துகள் இதில் விழவில்லை. துப்பாக்கியில் கோளாறா?

அநேகமாக இருக்காது. அது இன்னும் உங்கள் மகளுடைய துப்பாக்கி ஆகவில்லை, அவ்வளவுதான்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துக்கான பொட்டு அரை மில்லிமீட்டர். பாயும் பெல்லட்டின் விட்டமே 4.5 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன இடத்தில் அறுபது தடவை சுட வேண்டும் என்றால் முதலில் உடம்பு சரியாக நிற்க வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் எல்லோர் கையும் குறிபார்க்கும் சைட்டின் திருகுக்குத்தான் போகிறது. அது கடைசி வேலை.

ரைஃபிளின் பின்முனையான பட் தோளில் தானாக உட்கார வேண்டும். கன்னம், அதற்கான தாங்கியான சீக் பீஸில் அழுத்தாமல் சாய வேண்டும். ரைஃபிளை ஏந்தி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பின் சைட்டின் துளைக்குள் முன் சைட்டின் வளையம், அதற்குள் இலக்கின் கறுப்பு வட்டம் என்று ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தால் சரி. சைட் துளைக்கு நடுவே கண் வரவில்லையா, கழுத்தை நெளித்து ஒப்பேற்றக் கூடாது. சீக் பீஸை நகர்த்த வேண்டும். கறுப்பு வட்டம் இடமோ வலமோ தள்ளி நிற்கிறதா, கையால் இழுக்காமல் கால்களை மாற்றி வைக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனால் இதில் விட்ட குறையை எந்தத் திருகும் சரிசெய்யாது.

பிறகுதான் சைட். போல்ட்டைக் கழற்றக்கூடிய .22 ரைஃபிள் என்றால், குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, பின்பக்கமிருந்து பேரலுக்குள்ளேயே பார்க்கலாம். குழலின் வட்டத்துக்கு நடுவில் இலக்கு வரட்டும். ரைஃபிளை அசைக்காமல் சைட் வழியாகப் பார்த்து, அதிலும் இலக்கு நடுவுக்கு வரும்வரை திருகுங்கள். இப்போது முதல் குண்டு தாளிலாவது விழும்.

ஏர் ரைஃபிளில் பொதுவாக அப்படிக் குழல் வழியே பார்க்க முடியாது. பின்னால் பெல்லட் தடுப்போடு, இரண்டு மூன்று மீட்டரில் வெறும் தாளை வைத்துத் தொடங்கலாம். பேரல் சைட்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழே இருப்பதால் அங்கே துளை தாழ்வாகத்தான் விழும். பயப்பட வேண்டாம், இட வலத்தை மட்டும் சரிசெய்யுங்கள். மிச்சம் பத்து மீட்டரில். எலெக்ட்ரானிக் டார்கெட்டில் நேராகத் தொடங்கினால் தவறிய பெல்லட் கருவியைப் பதம் பார்த்துவிடும்.

ஒரே ஒரு துளையைப் பார்த்துத் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, அவை ஒரு கொத்தாக விழுந்த பிறகு அந்தக் கொத்தை நகர்த்துங்கள். பின் சைட் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம்தான் குறியும் போகும். சில ஜெர்மன் சைட்டுகளில் அம்புக்குறி துளை விழுந்த திசையைக் காட்டும். போக வேண்டிய திசையை அல்ல. நாலு கிளிக் திருகிச் சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளியில் ஐம்பது மீட்டர் சுடுகிறவர்கள் இதை விடியற்காலையில் செய்ய வேண்டும். நம் சமவெளியின் ஆடிக் காற்றில் சரிசெய்த சைட், காற்று நின்றதும் பொய் சொல்லும்.

சரிசெய்த சைட்டும் நிலைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். தகுதிச் சுற்றில் 596 எடுத்து நான்காவதாக வந்த அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் சோதனைக்காகச் சுட்ட முதல் குண்டு நான்கில் விழுந்தது. சைட் எப்படியோ கலைந்திருந்தது. பதறாமல் கிளிக் கிளிக்காகத் திருப்பி, சோதனை நேரத்துக்குள்ளேயே குறியை மீட்டார். கடைசிக் குண்டு 10.8. மொத்தம் 700.5. தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். தன் சைட்டை விரல் நுனியில் தெரிந்து வைத்திருந்தவரால்தான் அது முடிந்தது.

கடலூரில் பிறந்த ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் போல வர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சீக் பீஸ், பட், சைட் மூன்றின் அளவுகளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வடமதுரை அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். இன்னும் சில வாரங்கள் மகளிடம் ஸ்கோர் கேட்காதீர்கள்.

(தொடரும்)