புடைப்பு இருந்தால் பயமில்லையா?

சில வருஷங்களுக்கு முன், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போயிருந்தோம். தேர் பார்த்துவிட்டு நாத்தனார் வீட்டுக்கு வந்ததும், என் கடைசிப் பையன் திண்ணையிலிருந்து தலைகுப்புற விழுந்தான்.

"வெளியே புடைச்சிட்டா உள்ளே ஒண்ணுமில்லே" என்று மாமியார் எண்ணெய் தடவினார். அவனும் பால்கோவா கேட்டு வாங்கித் தின்றான். ஆனால் "தேர் எப்பம்மா பார்க்கப் போறோம்?" என்று மூன்று தடவை கேட்டான். எனக்குப் பகீரென்றது! பின்னாலேயே வாந்தி. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"மூளை அதிர்ச்சி. புடைப்பை நம்பி இருந்துவிடாதீங்கம்மா" என்றார் டாக்டர். 1998 பிப்ரவரியில் டாக்காவில் தலையில் பந்து பட்ட கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா, தானே நடந்துதான் மைதானத்தை விட்டு வந்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அடிபட்டபின் இரண்டு நாளாவது கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, உளறல், தள்ளாட்டம், வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர் – இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108!

டாக்டர் சொல்லும்வரை ஓட்டம், விளையாட்டு கூடாது. என் பையன் நன்றாகத் தேறிவிட்டான். இப்போது மாமியாரே அடுத்த வீட்டாரிடம், "புடைப்பை விடு, புள்ளை என்ன பேசுதுன்னு பாரு" என்கிறார்!