மெதுவாகப் போகத் தெரிந்த சைக்கிள்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் போகும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். சாதாரண சைக்கிளில் வருகிறவர் முதல் சில வளைவுகளிலேயே இறங்கித் தள்ளத் தொடங்குவார். குறை அவர் காலில் இல்லை, வண்டியின் பற்சக்கரத்தில் இருக்கிறது.

பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சமவெளிக்கு அது சரி. மலைச் சைக்கிளிலோ முன்னால் 32 பல், பின்னால் 10 பல்லில் தொடங்கி 51 பல் வரை பன்னிரண்டு சக்கரங்கள். செயினை அந்தப் பெரிய சக்கரத்தில் ஏற்றினால் ஒரு சுற்றுக்கு வண்டி ஒன்றரை மீட்டர்கூட நகராது. அதனால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வேகம் நடையளவுதான். ஆனால் நிற்காமல் மணிக்கணக்கில் ஏறலாம்.

நெடுந்தூர மலைச் சைக்கிள் போட்டிகள் இந்த நிதானத்தை நம்பியே நடக்கின்றன. இமாசலப் பிரதேசத்தில் 2005-இல் தொடங்கிய எம்.டி.பி. ஹிமாலயா பல நாள் போட்டி. தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் 2004 முதல் நடக்கிறது: எட்டு நாள், இருவர் கொண்ட அணிகள், கூட்டாளிகள் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குமேல் பிரியக் கூடாது. ஒருவர் தளர்ந்தால் மற்றவர் காத்திருந்தே ஆகவேண்டும். முதல் மணி நேரத்திலேயே முழு பலத்தையும் கொட்டுகிறவர்களுக்கு இதில் இடமில்லை.

கியருக்கு அடுத்தது காற்று. நம்மூர் பஞ்சர் கடையில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அமுங்காத வரை காற்றடிப்பார்கள். தார்ச்சாலைக்கு அது பொருந்தும். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் அப்படி இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடும். அந்தத் தூக்கலுக்கெல்லாம் செலவாவது ஓட்டுபவரின் உழைப்பு. அகலமான டயரில் 20 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மட்டும் காற்று இருந்தால், கல்லின் மேடு டயருக்குள் அமுங்கிக்கொள்ளும். வண்டி நேராக உருளும், பிடிப்பும் கூடும்.

காற்றைக் குறைத்தால் பஞ்சர் ஆகாதா? ட்யூப் இருந்தால் ஆகும். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிக் கிழியும். ஆகவே ட்யூபையே எடுத்துவிட்டார்கள். டயருக்குள் 100 மில்லி அளவுக்கு ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் அது ரப்பர் பால்தான். முள் குத்தினால் காற்றோடு வெளியே பீறிட்டு, துளையில் உறைந்து அடைத்துவிடும். அமெரிக்க மேற்குப் பகுதியில் மலைச் சைக்கிள்காரர்களை வாட்டும் முள் நம் நெருஞ்சியேதான். அங்கே போய்க் களையாகப் பரவிய அதே செடி. நெருஞ்சியோடு சீமைக்கருவேல முள்ளும் கிடக்கிற திண்டுக்கல் வண்டிப்பாதைகளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் ஏற்றது. ஒரு கவனம்: நம் வெயிலில் அந்தப் பால் விரைவில் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றவேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து விற்கிற மலிவான கியர் சைக்கிள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். எடை அதிகம், மிதிக்கும்போதெல்லாம் பின் ஸ்பிரிங் அமுங்கி உழைப்பைத் தின்றுவிடும். அதே விலைக்குப் பின் ஸ்பிரிங் இல்லாத வண்டி எவ்வளவோ மேல்.

வண்டிக்கு அடுத்தது உணவு. உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து கடுமையான ஓட்டத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். அதன்பின் மணிக்குச் சுமார் 60 கிராம் உள்ளே போகவேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. கடலைமிட்டாய் மெதுவாகச் செரிக்கும். அதைச் சமதரையில் தின்றுகொள்ளலாம். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது.

இனி இறக்கம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ, ஏறிய உயரம் 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1976-இல் இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலையிறங்கும் பந்தயம் தொடங்கியபோது, பின் சக்கர பிரேக்கிலிருந்த கிரீஸ் புகைந்து எரிந்துபோகும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைத்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ்தான் அடுத்த ஆண்டு மலைக்கென்றே தனிச் சைக்கிள் சட்டகம் கட்டினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் பதக்க விளையாட்டாயிற்று. இப்போது டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. அதுவும் சூடாகும். இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி, பிறகு விட்டுவிடுவதே முறை.

பழகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிறுமலையின் காட்டுத்தடங்களில் வனத்துறை அனுமதியின்றி நுழையாதீர்கள். அய்யலூர்ப் பக்கம் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் இருக்கிறது. தேவாங்கு இரவில் நடமாடும் பிராணி, அந்தச் சாலைகளில் இருட்டிய பின் வேகம் வேண்டாம். கண்மாய்க் கரைகளும் செம்மண் வண்டிப்பாதைகளும் சமவெளியிலேயே வேண்டிய மட்டும் இருக்கின்றன. முதலில் அங்கே அரை நாள் இறங்காமல் ஓட்டிப் பழகுங்கள். மலைக்கு அதன்பின் போகலாம்.