வலிப்பு நோயும் திடீர் மரணமும்

நமது மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. இவை நுண்ணிய மின் துடிப்புகளால் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. பேச்சு வழக்கில் இதைக் காக்காய் வலிப்பு என்பர். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் வலிப்பு தானே நின்றுவிடும். நோயாளி சற்று அயர்ந்து உறங்கி எழுவார். எனவே இந்நோயால் உயிருக்கு ஆபத்தில்லை எனப் பலர் எண்ணுகின்றனர். இது முற்றிலும் சரியன்று.

கிணறும் படுக்கையும்

வடமதுரை போன்ற கிணற்றுப் பாசன ஊர்களில், கிணற்றருகே வலிப்பு வந்தவர் நீரில் விழுந்து இறக்கக்கூடும். இதற்குக் காரணம் வெளிப்படை. ஆனால் வேறு வகை மரணமும் உண்டு. இரவில் நலமாகப் படுத்தவர் காலையில் படுக்கையிலேயே இறந்து கிடப்பார். பிணப் பரிசோதனையிலும் வேறு காரணம் எதுவும் புலப்படாது. வலிப்பு நோயுள்ள பெரியவர்களில், ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவர் இவ்வாறு இறக்கிறார்.

உடலில் நிகழ்வது என்ன?

மருத்துவமனைகளில் மூளை மின்வரைவுக் கருவி பொருத்தப்பட்டுக் கண்காணிப்பில் இருந்தபோதே சிலர் இவ்வாறு இறந்துள்ளனர். பல நாடுகளில் நேர்ந்த இத்தகைய 16 மரணங்களைப் பற்றிய ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. அவற்றுள் 14 இரவில் நிகழ்ந்தவை. கருவிகளின் பதிவுகள் ஒரே வரிசையைக் காட்டின. முதலில் கைகால்கள் வெட்டி இழுக்கும் பெருவலிப்பு. பிறகு வேகமான மூச்சு. மூன்று நிமிடங்களுக்குள் மூச்சும் இதயமும் தளர்ச்சி. முடிவில் மூச்சு நிற்க, அதன்பின் இதயமும் நின்றது.

மூச்சை இயக்கும் மையம் மூளைத்தண்டில் உள்ளது. பெருவலிப்புக்குப் பின் அதன் செயல் ஒடுங்கிவிடுவதாக அறிஞர்கள் கருதுகின்றனர். குப்புறக் கிடப்பவரின் முகம் தலையணையில் புதைந்தால், மூச்சுத் திணறலை உணர்ந்து தலையைத் திருப்பும் விழிப்பும் அவருக்கு இராது.

யாருக்கு ஆபத்து மிகுதி?

பெருவலிப்பு அடிக்கடி வருவோர், உறக்கத்தில் வலிப்பு வருவோர், தனியே படுப்போர், மதுவுக்கு அடிமையானோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் பெருவலிப்பு வந்தால் ஆபத்து பல மடங்கு உயர்கிறது.

வலிப்பைக் கட்டுப்படுத்துவதே தலையாய பாதுகாப்பு. முறையாக மருந்துண்போரில் பெரும்பாலோருக்கு வலிப்பு அடங்கிவிடும். ஆனால் சில மாதங்கள் வலிப்பு வராவிட்டால் ‘குணமாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துவோர் உளர். பெண்ணுக்கு வரன் பார்க்கையில் மாத்திரையை மறைப்போரும் உளர். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறிய பகுதி இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. மறைப்பதால் மானம் காக்கப்படலாம், உயிர் காக்கப்படுவதில்லை.

அருகிலிருப்போர் செய்ய வேண்டியவை

வலிப்பு வந்தவர் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு சீராகி நினைவு திரும்பும்வரை அருகிலேயே இருக்கவேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் வலிப்பு நீடித்தாலோ, மூச்சு நின்றாலோ உடனே 108 ஊர்தியை அழைக்கவேண்டும். மருத்துவர் கூறாமல் ஒரு வேளை மாத்திரையையும் விடலாகாது.