குண்டூசி காட்டிக் கொடுத்தது!

ஐந்து வருஷமாக என் இடது மோதிர விரல் நகத்துக்குள் ஒரு வலி. வீக்கமில்லை, சீழில்லை. மார்கழிக் குளிரில் அரிசி களைந்தால் உயிரே போகும். சின்னவள் ஆசையாகக் கையைப் பிடித்தாலும் உதறிவிடுவேன். நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழம் செருகியாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "எல்லாம் மனசுதாம்மா" என்றார் ஒரு டாக்டர். என் வீட்டுக்காரரும் அதையே பிடித்துக் கொண்டார்!

போன வருஷம் கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். "ஜில்லுனு பட்டா வலிக்குதா? எப்பவும் ஒரே இடந்தானா?" என்று கேட்டவர், குண்டூசியின் தலைப்பக்கத்தால் நகத்தின் மேல் புள்ளி புள்ளியாக அழுத்தினார். ஓரிடத்தில் அலறிவிட்டேன். ஒரு நூல் தள்ளி அழுத்தினால் வலியே இல்லை. பிறகு கையை உயர்த்தச் சொல்லி, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேல்கையில் இறுக்கிவிட்டு அதே இடத்தை அழுத்தினார். என்ன ஆச்சரியம், வலிக்கவில்லை! பட்டையைத் தளர்த்தியதும் வலி திரும்பிவிட்டது.

"குளோமஸ் கட்டி. புற்றுநோய் இல்லை, பயப்படாதீங்க" என்றார். குளிருக்கும் சூட்டுக்கும் ஏற்ப ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள் விரல் நுனியில் எல்லோருக்கும் உண்டாம். அபூர்வமாக அதிலொன்று பெருத்துவிடுகிறது. நகத்தடியில் வருவது பெண்களுக்கே அதிகமாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் என்று தெரிந்தது.

விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தைத் தூக்கிக் கட்டியை எடுத்தார்கள். மிளகளவுதான்! துளி மிச்சமிருந்தாலும் மறுபடி வருமாம். புது நகம் முழுசாக வளர ஐந்து மாசம் ஆயிற்று.

பரிசோதனைக்கு அனுப்பியதிலும் குளோமஸ் என்றே வந்தது. அந்தச் சீட்டை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். இரண்டு தரம் படித்தார். அன்று ராத்திரி அரிசியை அவரே களைந்தார்.