நோய் தேறும் பச்சோந்தி



பச்சோந்தி என்றதும் நம்மவருட் பலர் வேலியிலிருந்து தலையாட்டும் ஓணானையே நினைத்துக்கொள்வர். ஓணான் வேறு, பச்சோந்தி வேறு. பச்சோந்தி அளந்து அளந்து அடியெடுத்து நடப்பது. இரு கண்களையும் வெவ்வேறு திசையிற் சுழற்றுவது. நீண்ட நாவை எறிந்து பூச்சியைப் பிடிப்பது. நம் நாட்டின் உலர் வலயத்திலும் ஓரினம் உண்டு. அதனைச் சட்டம் காக்கின்றது. பிடித்து வளர்த்தல் கூடாது. மேனாடுகளிலோ, கூண்டிலே பிறந்த யேமன் நாட்டுப் பச்சோந்தியைச் சிலர் வீட்டில் வளர்க்கின்றனர். அத்தகைய ஒன்று நோயுற்றுத் தேறிய வரலாற்றையே இன்று கூற விரும்புகின்றேன்.

கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் என் தமக்கையின் பேரன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். குளிர்காலத்தில், தன் பச்சோந்திக்கு வெயில் படட்டுமென்று அதன் கூண்டை யன்னலருகே வைத்தான். சில மாதங்களில் அதன் முன்கால்கள் வளைந்தன. கொம்பைப் பற்றும் வலிமை குறைந்தது. எறிந்த நா பூச்சியை எட்டாமலே வீழ்ந்தது. மிருக வைத்தியர் சோதித்து, எலும்புகள் மென்மையுற்றுவிட்டன என்றார்.

வெயிலில் இருந்த பிராணிக்கு இந்நோய் வந்தது எங்ஙனம்? சூரிய ஒளியிலே கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கடந்த கதிர்கள் உள. அவற்றுள் ஒருவகை தோலிற் படும்போது உடலில் விற்றமின் டி உண்டாகின்றது. அஃது இன்றேல், உணவிலுள்ள கல்சியம் போதியளவு உடலிற் சேராது. அப்போது உடல் தனக்கு வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். யன்னற் கண்ணாடியோ வெளிச்சத்தை உள்ளே விடும். அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெயில் வருகிறதே, தனி விளக்கு எதற்கு என்று சிறுவன் எண்ணியதே நோய்க்கு வித்தாயிற்று.

வைத்தியர் மருந்தளித்தார், எனினும் தேறுங்காலப் பராமரிப்பே பெரிதென்றார். அக்கதிரை உமிழும் விளக்கொன்று கூண்டின்மேல் அமைக்கப்பட்டது. இத்தகைய விளக்கின் வெளிச்சம் குன்றாதிருக்கவே கதிர் குன்றிவிடும். ஆதலின் குறித்த காலத்தில் அதனை மாற்றவேண்டும். கூண்டின் ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் குளிர்ச்சியும் இருத்தல் வேண்டும். வேண்டிய இடத்தைப் பிராணியே தெரிந்துகொள்ளும். போதிய வெப்பமின்றி அதற்கு உணவு செரிக்காது. இரவில் விளக்கெல்லாம் அணைக்கப்படவேண்டும்.

மென்மையுற்ற எலும்பு சிறு வீழ்ச்சியிலும் முறியும். ஆகவே கொம்புகளைத் தாழ்த்திக் கட்டி, அடியில் துணி விரித்தனர். தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் குடிப்பதில்லை. இலையில் நிற்கும் துளியையே நக்கும். எனவே இலைகளில் நீர் தெளிக்கவேண்டும். குழிவிழுந்த கண்கள் நீர் போதாமைக்கு அறிகுறி. வாயில் வலிந்து ஊற்றினால் நீர் சுவாசப்பைக்குட் சென்றுவிடலாம். பூச்சிகளுக்கு முதலிற் கீரை கொடுத்து, பின் கல்சியத் தூள் தடவி அளிக்கவேண்டும். தின்னாது விட்டவற்றை இரவுக்கு முன் அகற்றவேண்டும். அன்றேல் அவை நோயாளியையே கடிக்கும். மருந்து வைத்தியர் கூறிய அளவை மிஞ்சலாகாது. விற்றமின் டி மிகுந்தால் கல்சியம் உள்ளுறுப்புகளிற் படிந்து கேடு செய்யும்.

இவையனைத்தையும் சிறுவன் தவறாது செய்தான். ஆயினும் ஒருநாள் தொலைபேசியில், "தாத்தா, நான் தூக்கினாற் கறுத்துப் போகுது. அது என்னோடு கோபமோ?" என்று கேட்டான். மணிக்கொருமுறை வெளியே எடுத்துத் தடவிக்கொடுத்து வந்திருக்கின்றான்!

கொள்கை மாறுவோரைப் பச்சோந்தி என்று நாம் ஏசுகின்றோம். உண்மையில் அப்பிராணி நிறம் மாறுவது பெரும்பாலும் தன்னை மறைப்பதற்கன்று. வெப்பம், அச்சம், சினம் ஆகியவற்றை அது நிறத்தாலே வெளியிடுகின்றது. குளிர்ந்த காலையிற் கறுத்திருப்பது வெயிலின் வெப்பத்தை ஏற்பதற்காக. கையிலெடுத்ததும் கறுப்பது கலக்கத்தால். நாயும் பூனையும் போலத் தடவுதலை அது விரும்புவதில்லை. பற்றிய கொம்பிலிருந்து இழுத்தெடுத்தால் எலும்பு முறிதலும் கூடும். மருந்து கொடுக்கவும், வாரமொருமுறை நிறை பார்க்கவும் மட்டும், அதுவே கையில் ஏறும்வரை காத்திருக்கச் சொன்னேன். மற்றைப்பொழுது ஒரு கொப்பியில் நிறையும் நிறமும் தின்ற பூச்சியின் தொகையும் எழுதி வரச் சொன்னேன்.

அன்புடைய பிள்ளைக்குத் தொடாதிருத்தல் எளிதன்று. அழுதான், எனினும் கேட்டான். மாதங்கள் சில சென்றன. நிறை ஏறியது, பிடி இறுகியது, நா மீண்டும் இலக்கை எட்டியது. வளைந்த கால்கள் மட்டும் நிமிரவில்லை, இனி நிமிரப்போவதுமில்லை. அதனை அச்சிறுவனிடம் நான் மறைக்கவில்லை.

பேசாப் பிராணியை வளர்ப்போர் அதன் இயல்பை முன்னரே கற்றுக்கொள்ளல் கடன். நோயுற்ற பின்னோ, அதற்கு எது ஆறுதல் என்பதை நம் உள்ளத்தைக் கேட்டு அறிய முடியாது. அதனையே பார்த்து அறியவேண்டும். நம் உலர் வலயத்துக் காட்டில் ஒரு பச்சோந்தியைக் காண நேர்ந்தாலும், எட்ட நின்று பார்த்து, அதன் வழியே போகவிடுவோமாக.