ஊர்ப் பிள்ளைக்காகப் பேசுதல்



நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்குக் குறைவில்லை. உவமையும் அடுக்குமொழியுமாகக் கால் மணி நேரம் முழங்கக்கூடிய மாணவரை எந்த ஊரிலும் காணலாம். ஆயினும், தாய் தந்தையரை இழந்து நிற்கும் அடுத்த தெருக் குழந்தைக்காக ஓர் அலுவலரின் மேசை முன் நின்று மூன்று வாக்கியம் சொல்லுமாறு கேட்டால், அதே மாணவருக்கு நா எழுவதில்லை. முழங்குதல் வேறு, பிறருக்காகப் பேசுதல் வேறு. இவ்வேறுபாட்டை நான் நூலிலிருந்து கற்கவில்லை. நான் செய்த பிழையொன்றிலிருந்து கற்றேன்.

ஆசிரியனாக இருந்த காலத்தில், பள்ளி ஆண்டு விழா ஒன்றில், பெற்றோர் இருவரையும் இழந்த மாணவன் ஒருவனை மேடைக்கு அழைத்து, அவன் பெயரையும் அவன் தாய் மறைந்த விதத்தையும் உருக்கமாக எடுத்துரைத்தேன். அவையில் பலர் கண் கலங்கினர். அங்கேயே ஒரு தொகையும் திரண்டது. மறு வாரம் முதல் பையன் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். திண்ணையில் இருந்த அவன் பாட்டி, "வசூல் பையன்னு கூப்பிடுறாங்களாம் ஐயா. இனிமே போகமாட்டேங்கிறான்" என்றார். மூன்று வாரம் நடந்து அவனைத் திரும்ப அழைத்து வந்தேன். ஆயினும் அவ்வாண்டு முழுதும் அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்பொழுது பணி ஓய்வு பெற்று, சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்களை அமர்த்தி, ஆதரவிழந்த குழந்தைகளுக்காகப் பேசப் பழக்கி வருகிறேன். முதல் மூன்று வாரம் அவர்களை நான் பேசவே விடுவதில்லை, கேட்கப் பழக்குகிறேன். ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றதும், 1992-இல் இந்தியா இணைந்ததுமான குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு, தன்னைப் பற்றிய எல்லாவற்றிலும் கருத்துச் சொல்ல இயன்ற குழந்தைக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. ஆகவே இரண்டு வினாக்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்பது ஒன்று. "இதை நான் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது?" என்பது மற்றொன்று. இரண்டாம் வினாவை அன்று நான் கேட்டிருந்தால் என் மாணவன் மேடையேறியிருக்க மாட்டான்.

எங்கள் வகுப்பில் விலக்கப்பட்ட சொல்லும் ஒன்று உண்டு. அது 'பாவம்' என்பது. பாவம் என்று தொடங்கும் பேச்சு இரக்கத்தில் முடியும். இரக்கமோ மறுநாள் காலை வரைக்கும் தங்குவதில்லை. "பாவம், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைமையாசிரியரிடம் மன்றாடுவதைக் காட்டிலும், வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ குழந்தையைச் சேர்க்க மறுத்தலாகாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுவதைப் பணிவாக எடுத்துச் சொல்வது மேல். முதற்பேச்சில் குழந்தை யாசிக்கிறது. இரண்டாம் பேச்சில் தனக்குரியதைக் கேட்கிறது.

பெயரைக் காத்தலும் பயிற்சியின் ஒரு பகுதியே. நல்ல நெஞ்சம் படைத்தவர்களே இதில் தவறுகின்றனர். 2021-இல் கொரோனாப் பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த கைக்குழந்தைகளைத் தத்தெடுக்க வாருங்கள் என்று தொலைபேசி எண்ணுடன் கைப்பேசிகளில் பரவிய செய்திகளை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றைப் பரப்பியவர்களுள் பலர் உதவுவதாகவே எண்ணினர். ஆனால் சட்டவழி நில்லாமல் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றமே இத்தகைய செயல்களைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட நேர்ந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பாதுகாப்பு வேண்டி நிற்கும் குழந்தையின் பெயரையோ பள்ளியையோ படத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. இதைப் படித்துக் காட்டும்போது என் குரல் சற்றே தாழ்வது எனக்கே தெரிகிறது.

பிறகு, எந்தக் கதவைத் தட்டுவது? 1098 என்ற எண்ணை எல்லாரும் அறிவர். மாவட்டந்தோறும் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழந்தைகள் நலக் குழு இருப்பதையும், அதற்கு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டென்பதையும் அறிந்தவர் சிலரே. துணையின்றி நிற்கும் குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். உதவித் திட்டங்களும் உள்ளன: பெருந்தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்தோர்க்கு 2021-இல் மாநில அரசு அறிவித்த 5 லட்ச ரூபாய் வைப்புத் தொகை, 2025-இல் தொடங்கிய மாதம் 2,000 ரூபாய் அன்புக்கரங்கள் திட்டம் போன்றவை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதும் பேச்சின் ஒரு வகைதான்.

எல்லாவற்றினும் கடினமானது உறவினரோடு பேசுவது. வகுப்பில் இதை நடித்துப் பழகுகிறோம். ஒருவன் சிற்றப்பன், அண்ணன் மகளுக்கு உரிய அரை ஏக்கரை விற்க முன்பணம் வாங்கிவிட்டான். மற்றவன் அவளுக்காகப் பேச வேண்டும். பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே, "கொள்ளையடிக்கிறாயா?" என்று இவன் கொதித்து எழுவான். உடனே சிற்றப்பன் வேடமிட்டவன், "அப்படியானால் உன் வீட்டிற்கே அழைத்துப் போய்ச் சோறு போடு" என்பான். வகுப்பு வாயடைத்துப் போகும். அதுதான் நிலைமை. அவளுக்கு இரவில் படுக்க இடம் கொடுத்திருப்பவன் அந்தச் சிற்றப்பனே. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே சட்டமும் கருதுகிறது.

ஆகவே மீண்டும் தொடங்கச் சொல்வேன். "நீங்கள் மூன்று ஆண்டு அவளை வளர்த்தீர்கள், மாமா. ஊர் அதை அறியும்" என்பது முதல் வாக்கியம். "இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, தாமாக வளர்க்கும் உறவினர் மைனரின் சொத்தை விற்க முடியாது, வாங்குகிறவருக்கும் அது நிலைக்காது" என்பது இரண்டாவது. அது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். "வளர்க்கும் செலவுக்கு உதவி கேட்டு நாம் சேர்ந்து மனு எழுதுவோம்" என்பது மூன்றாவது. அவன் இணங்காவிடில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. குழந்தைகளுக்கு அங்கே கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கும். ஆனால் அந்தப் படியை முதலில் ஏறியவர்கள் சிறுமியைத் தெருவில் நிறுத்தியதையும் நான் கண்டிருக்கிறேன்.

ஊராட்சி அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில், ஊராட்சித் தலைவர், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோருடன் இரண்டு குழந்தைப் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் அவ்விருவரும் கையெழுத்திட்டுத் தேநீர் அருந்தி வீடு திரும்புகின்றனர். எங்கள் ஊராட்சியில் குக்கிராமங்கள் பல. சென்ற ஆண்டுக் கூட்டமொன்றில், என்னிடம் பயின்ற பதினாறு வயதுப் பெண் பிரதிநிதி எழுந்தாள். பெற்றோர் இல்லாத ஒரு குழந்தை நான்கு மாதமாகப் பள்ளிக்குச் செல்லவில்லை என்றாள். சான்றிதழே தடை என்றாள். வரும் திங்கட்கிழமைக்குள் சேர்க்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

"யாரு பிள்ளைம்மா அது?" என்று தலைவர் கேட்டார்.

"பெயர் இந்தத் தாளில் இருக்கிறது ஐயா. கூட்டம் முடிந்ததும் தனியாகத் தருகிறேன்" என்றாள்.

திங்களன்று குழந்தை பள்ளியில் சேர்ந்துவிட்டதாக அவளே வந்து சொன்னாள். எந்தப் பிள்ளை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.